கார் ரிமோட் சாவி: பேட்டரி மாற்றுவதும் மறுபதிவு செய்வதும்

முதல் முறையாகக் கார் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி சாவியைப் பற்றியவை. போன வாரம்வரை வாகன நிறுத்தத்தின் மறுகோடியில் நின்று அழுத்தினாலே கதவு திறந்தது என்றும், இப்போது கண்ணாடியை ஒட்டி நின்று அழுத்தினாலும் அசையவில்லை என்றும், கடையில் காட்டினால் ‘புரோகிராம் போய்விட்டது’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் அதற்கு மருந்து நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பட்டன் செல்தான். பேட்டரி தீர்ந்துபோவதாலோ அதைக் கழற்றுவதாலோ சாவியின் பதிவு அழிந்துவிடுவதில்லை. மின்சாரம் இல்லாவிட்டாலும் நினைவு மங்காத வகைச் சில்லில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பேட்டரி மாற்றுவது, ரிமோட்டை வண்டியோடு மீண்டும் இசையவைப்பது, புதிய சாவியை வண்டியில் பதிவு செய்வது ஆகியவை மூன்று வெவ்வேறு வேலைகள் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம்; இரண்டாவதற்கு வண்டியின் கையேடு போதும்; மூன்றாவதற்கு மட்டுமே பிறர் கை வேண்டும்.

ஒரு கூட்டுக்குள் மூன்று கருவிகள்

சாவி என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடும் பொருளுக்குள் மூன்று தனித்தனிக் கருவிகள் குடியிருக்கின்றன. பட்டனை அழுத்தியதும் வானொலி அலையில் ஒரு குறியீட்டை அனுப்பிக் கதவைத் திறக்கும் ரிமோட் ஒன்று. இந்தியாவில் விற்கப்படும் கார்களில் அது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. ‘இந்தச் சாவி இந்த வண்டிக்கு உரியதுதான்’ என்று எஞ்சினின் கணினியிடம் அடையாளம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் சிப் இரண்டாவது. கதவின் பூட்டைத் திருப்பும் உலோகச் சாவி மூன்றாவது.

இவற்றில் பேட்டரியை நம்பியிருப்பது ரிமோட் மட்டுமே. டிரான்ஸ்பாண்டர் சிப்புக்குச் சொந்தமாக மின்சாரம் கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்து தனக்கு வேண்டிய சிறு ஆற்றலை எடுத்துக்கொண்டு அது பதில் சொல்கிறது. சாவியைச் செருகித் திருப்பும் வண்டிகளில் பேட்டரி அடியோடு தீர்ந்த பிறகும் எஞ்சின் வழக்கம்போல் கிளம்புவதற்கு இதுதான் காரணம். இதைத் திருப்பிப் போட்டாலும் ஒரு பாடம் உண்டு. கதவு ரிமோட்டில் நன்றாகத் திறக்கிறது, ஆனால் எஞ்சின் கிளம்ப மறுத்து, டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மின்னுகிறது என்றால், பேட்டரியை மாற்றிப் பயனில்லை. சிப்பையோ அதைப் படிக்கும் சுருளையோ சந்தேகிக்க வேண்டும். பட்டனை அழுத்திக் கிளப்பும் புஷ் ஸ்டார்ட் வண்டிகளில் மட்டும் அன்றாட அடையாளப் பேச்சுக்கும் பேட்டரி தேவைப்படுகிறது. அவற்றுக்கும் மாற்றுவழி உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோளாறு சாவியிலா, வண்டியிலா?

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான்: பீரோவுக்குள் கிடக்கும் இரண்டாவது சாவியை எடுத்துவந்து அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில் இருக்கிறது. இரண்டுமே வேலை செய்யாவிட்டால் சாவிகளை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்க வேண்டும். வண்டியின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம், சென்ட்ரல் லாக்கின் ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகில் வலுவான அலைபரப்பி ஏதேனும் இருந்து சமிக்ஞையை அமுக்கியிருக்கலாம். வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தியதும் ரிமோட் உயிர்பெற்றால் கடைசிக் காரணமே உண்மை. இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதைத் தேடி எடுப்பது நல்லது. அது இல்லாத நிலை எவ்வளவு தொல்லையில் முடியும் என்பது இறுதிப் பகுதியில் விளங்கும்.

பேட்டரி இறங்குவதற்கு அடையாளங்கள் உண்டு. ரிமோட் எட்டும் தூரம் நாளுக்கு நாள் குறைந்து வரும். இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் கதவு கேட்கும். சாவியில் சிறு சிவப்பு விளக்கு இருந்தால் அது மங்கும். புஷ் ஸ்டார்ட் வண்டிகள் பல, சாவியின் பேட்டரி குறைந்துள்ளது என்று மீட்டர் திரையிலேயே எழுதிக் காட்டுகின்றன. செல்பேசிக் கேமராவுக்கு முன் பிடித்து அழுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. டி.வி. ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் பேசுவதால் அங்கே அந்த வித்தை பலிக்கும்; கார் சாவி பேசுவது வானொலி அலையில் என்பதால் கேமராவில் எதுவும் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக நல்ல சாவியைத் தூக்கிப்போட்டுவிடக் கூடாது.

சாவி உயிரிழந்த இடத்திலேயே நீங்கள் நிற்கிறீர்கள் என்றால்

அடித்தள வாகன நிறுத்தத்தில், இரவு பத்து மணிக்கு, கையில் செத்துப்போன ஸ்மார்ட் கீயோடு, அதாவது புஷ் ஸ்டார்ட் வண்டியின் சாவியோடு, நிற்பவருக்குப் பேட்டரி வாங்கக் கடை இருக்காது. அந்தச் சாவியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுத்தால் உள்ளே மறைந்திருக்கும் உலோகச் சாவி வெளியே வரும். அதைச் செருகும் துளை வழக்கமாக ஓட்டுநர் கதவில் இருக்கும். சில வண்டிகளில் கைப்பிடியோடு ஒட்டிய பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கும். இப்படித் திறந்தால் சில வண்டிகளில் திருட்டு எச்சரிக்கை ஒலி அலறும். பதற வேண்டியதில்லை, வண்டி சாவியை அடையாளம் கண்டுகொண்டதும் அது அடங்கிவிடும்.

அடுத்து எஞ்சின். ஹூண்டாய் வண்டிகளின் கையேடு, விரலுக்குப் பதிலாக ஸ்மார்ட் கீயின் முனையாலேயே ஸ்டார்ட் பட்டனை நேரடியாக அழுத்தச் சொல்கிறது. டொயோட்டாவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியில் நிறுவனச் சின்னம் உள்ள பக்கத்தைப் பட்டனோடு தொடும்படி பிடித்து, ஒலி வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். வேறு சில வண்டிகளில் கோப்பை வைக்கும் குழியிலோ கைதாங்கிக்கு அடியிலோ சாவியை வைப்பதற்கென்று ஓரிடம் ஒதுக்கியிருப்பார்கள். எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே: பேட்டரி இல்லாத சிப்பை மிக அருகில் கொண்டுபோய்ப் படிக்கவைக்கிறோம். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு வாசலில் நின்று ஒருமுறை பழகிவைத்துக்கொள்ளுங்கள்; அவசரத்தில் கையேட்டின் பக்கங்களைப் புரட்டுவது யாருக்கும் எளிதாக இருப்பதில்லை.

எந்தச் செல்?

சாவிகளில் இருப்பவை 3 வோல்ட் லித்தியம் பட்டன் செல்கள். அவற்றின் மேல் பொறித்துள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டாம். சி.ஆர். 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சி.ஆர். 2025 அதே விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். சி.ஆர். 1620 என்பது 16 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தையும், மற்ற இரண்டும் தடிமனையும் சொல்கின்றன. ‘2032 இல்லை, 2025 போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது’ என்று கடைக்காரர் சொல்வதுண்டு. அந்த 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் செல் ஆடும். சாவி கீழே விழும்போதெல்லாம் தொடர்பு அறுந்து அறுந்து வரும். மாறாக, மெல்லிய செல்லுக்கான இடத்தில் தடித்ததைத் திணித்தால் தொடுதகடுகள் வளைந்து, பிறகு சரியான செல்லும் பொருந்தாது. எனவே பழைய செல்லில் உள்ள எண்ணையே வாங்க வேண்டும். எல்.ஐ.ஆர். என்று தொடங்கும் எண் கொண்டவை மறுபடி மின்னேற்றக்கூடியவை. முழுதாக மின்னேற்றினால் 4.2 வோல்ட்டைத் தொடும் அவற்றைச் சாவியில் போடவே கூடாது.

சென்னையில் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடிகாரக் கடை, மருந்துக்கடை, மளிகைப் பெருங்கடை என எங்கும் கிடைக்கின்றன. எனினும் அட்டையில் அடைத்து, காலாவதித் தேதி அச்சிட்டு விற்கப்படுவதையே வாங்குங்கள். கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைத்து, ஒன்றோடொன்று உரச விட்டிருக்கும் செல்கள் விற்பனைக்கு முன்பே பாதி இறங்கியிருக்கும். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரும், சுத்தம் செய்யும் திரவமான ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் சேர்த்து வாங்க நினைப்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகலாம். புதிய செல்லை மீட்டரில் அளந்தால் 3.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். பழைய செல் 2.8க்குக் கீழே காட்டினால் அதன் கதை முடிந்தது, 3.0 காட்டினாலும், பட்டனை அழுத்தும் கணத்தில் சரிந்து விழுகிறதென்றால் அதுவும் முடிந்ததுதான்.

பேட்டரியை மாற்றும் முறை

வெளிச்சமான மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். தெறித்து விழும் சிறு பாகங்கள் துணியில் தங்கிவிடும். மொசைக் தரையில் உருண்டோடிய திருகைத் தேடுவது தனிக் கொடுமை. தட்டை முனைத் திருப்புளி ஒன்று, அதன் முனையில் சுற்றச் சிறு துணி, கூட்டில் திருகு இருந்தால் அதற்கேற்ற நுண்ணிய ஸ்டார் முனைத் திருப்புளி, பள்ளிப் பிள்ளையின் அழி ரப்பர் ஆகியவை போதும். கைபேசி பழுதுபார்ப்பவர்களிடம் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் நெம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. சமையலறைக் கத்தி வேண்டாம். என்னுடைய முதல் சாவியை நான் கத்தியால்தான் திறந்தேன். அதன் கொக்கி முறிந்து, அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தச் சாவி ரப்பர் பேண்டோடு வாழ்ந்தது.

உலோகச் சாவி கழன்று வரக்கூடியதாக இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அது இருந்த பள்ளத்திலோ, இரு பாதிகள் கூடும் விளிம்பிலோ, நெம்புவதற்கென்றே விட்டிருக்கும் ஒரு சிறு வெட்டு தெரியும். துணி சுற்றிய திருப்புளியின் முனையை அங்கே வைத்து மெல்லத் திருப்ப வேண்டும். குத்தி இழுக்கக் கூடாது. ‘டக்’ என்று முதல் கொக்கி விட்டதும், விரல்நகத்தாலேயே விளிம்பைச் சுற்றிவந்து மற்றவற்றை விடுவிக்கலாம். மடக்கி விரியும் பிளிப் கீ என்றால், உலோகச் சாவி பொருந்தியிருக்கும் பாதியைத் தொடாமல் பேட்டரி மூடியை மட்டுமே திறக்கப் பாருங்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் தெறித்துவிட்டால் அதை மீண்டும் முறுக்கிப் பொருத்துவதற்குப் பொறுமையும் மூன்றாவது கையும் வேண்டும்.

திறந்தவுடன் எதையும் தொடாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லின் எந்த முகம் மேலே இருந்தது, ரப்பர் பட்டன் தகடு எந்தத் திசையில் இருந்தது என்பதெல்லாம் பிறகு அந்தப் படத்திலிருந்தே தெரியும். கூட்டல் குறி எல்லாச் சாவிகளிலும் மேல்நோக்கி இருப்பதில்லை. ஊகத்தில் பொருத்தக் கூடாது. பழைய செல்லைப் பிடித்திருக்கும் தகடு வளையாதபடி, ஓரமாகத் தள்ளி எடுங்கள். சுற்றுப்பலகையைத் தொட வேண்டியிருந்தால் அதன் விளிம்புகளை மட்டும் பிடியுங்கள்.

புதிய செல்லைப் போடும் முன் இரண்டு நிமிடம் செலவழித்துத் தொடுதகடுகளைப் பாருங்கள், ஏனென்றால் ‘பேட்டரி மாற்றியும் வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் பல இங்கேதான் முளைக்கின்றன. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலையொட்டி வாழ்பவர்களின் சாவிகளில் அந்தத் தகடுகள் மேல் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒரு படிவு இருக்கும். உப்புக் காற்றும் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை அது. அழி ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் உலோகத்தின் நிறம் திரும்பும். தகடு அழுந்திப் படுத்திருந்தால் நகத்தால் ஒரு துளி மேலே தூக்கிவிடுங்கள். புதிய செல்லிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்பதற்காகச் சில தயாரிப்புகளில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள், அது சில கருவிகளில் தொடர்பைத் தடுப்பதுண்டு. அப்படித் தோன்றினால் பூச்சில்லாத செல்லைப் போட்டுப் பாருங்கள்.

செல்லை விளிம்பில் பிடித்து, படத்தில் உள்ளபடி வைத்து, மூடும் முன்பே பட்டனை அழுத்திப் பாருங்கள். வேலை செய்தால் ரப்பர் தகட்டைச் சுருக்கமின்றி அமர்த்தி, இரு பாதிகளையும் விரலால் சுற்றிலும் அழுத்தி மூடுங்கள். ஓரிடத்தில் இடைவெளி தெரிந்தாலும் அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் நுழையும்.

கழற்றிய செல்லை மேசையில் விட்டுவிட்டுக் கை கழுவப் போகாதீர்கள். சிறு குழந்தை பட்டன் செல்லை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடக்கூடும். தீர்ந்துபோனதாக நாம் நினைக்கும் செல்லிலும் அதற்குப் போதுமான மின்னழுத்தம் மிஞ்சியிருக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல், 108ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இதற்கென்றே நினைவில் இருக்க வேண்டிய இடம். பழைய செல்லின் இரு முகத்திலும் ஒட்டுநாடாவைச் சுற்றி, மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக வைத்து ஒப்படையுங்கள். 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு பேட்டரிக் கழிவு விதிகளும் பேட்டரிகளை வீட்டுக் குப்பையிலிருந்து பிரித்தே கொடுக்கச் சொல்கின்றன.

ஸ்மார்ட் கீயின் பேட்டரிக்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆயுள் என்பது பொதுக் கணக்கு. சாதாரண ரிமோட்டில் அதற்கு மேலும் ஓடும். ஆறே மாதத்தில் தீர்கிறது என்றால் சாவியை எங்கே மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். வண்டி நிற்கும் போர்டிகோவுக்கு உட்புறச் சுவரில் ஆணி அடித்து அதில் தொங்கவிட்டால், சாவியும் வண்டியும் இரவெல்லாம் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்க வாய்ப்புண்டு. டி.வி., கைபேசி மின்னேற்றி, இன்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றின் பக்கத்தில் வைப்பதும் பேட்டரியைத் தின்னும்.

நனைந்த சாவி

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முழங்கால் நீரில் நடந்து வண்டியைப் பார்க்கப் போனவர்களின் பாக்கெட்டில் சாவியும் நனைந்தது. நனைந்த சாவியை ‘வேலை செய்கிறதா’ என்று அழுத்திப் பார்ப்பதுதான் அதைக் கொல்வது. உடனே கூட்டைத் திறந்து செல்லை எடுத்துவிட வேண்டும். சாக்கடை கலந்த நீரோ கடல்நீரோ பட்டிருந்தால் பலகையைச் சுத்தமான நீரில் ஒருமுறை அலசி, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலரவிடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைத்தால் தவிட்டுத் தூள்தான் பட்டன்களுக்கு அடியில் சேரும். முடி உலர்த்தியின் சூடும் வேண்டாம்.

ரிமோட்டை இசையவைப்பது

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரிமோட் புதிய குறியீட்டை அனுப்புகிறது. நேற்றைய குறியீட்டை யாராவது ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து இன்று ஒலிபரப்பினாலும் கதவு திறக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. வண்டியும் அதே வரிசையில் எண்ணிக்கொண்டு வருகிறது. வண்டி ஓரிடத்தில் நிற்க, அதற்கு எட்டாத தூரத்தில் குழந்தை கையில் கிடைத்த சாவியை நாள் முழுதும் அழுத்தி விளையாடினால், சாவியின் எண்ணிக்கை வண்டி ஏற்கத் தயாராக இருக்கும் எல்லையைத் தாண்டி ஓடிவிடும். புதிய பேட்டரி போட்டும், விளக்கு எரிந்தும், கதவு மட்டும் கேட்காத நிலைக்கு இது ஒரு காரணம்.

தீர்வு எளிது. பல வண்டிகளில் அந்தச் சாவியைச் செருகி இக்னிஷனை ஆன் செய்ததுமே இரண்டும் இசைந்துவிடும். சிலவற்றில் அப்போது பூட்டும் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்கோடா வண்டிகள் சிலவற்றின் கையேடு, ரிமோட்டின் ஏதேனும் ஒரு பட்டனை அழுத்திவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் உலோகச் சாவியால் கதவைத் திறக்கச் சொல்கிறது. உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் ‘ரிமோட்’ அல்லது ‘சாவிகள்’ என்ற தலைப்பில் பாருங்கள். காணொளிகளில் காட்டும் முறைகள் பெரும்பாலும் வெளிநாட்டு மாடல்களுக்கானவை. இந்த வேலைக்குத்தான் ஒரு கடையில் என்னிடம் ‘ரீபுரோகிராமிங்’ என்று எழுதிப் பணம் கேட்டார்கள். நான் யோசித்துச் சொல்வதாகக் கூறி வெளியே வந்து, வாசலிலேயே இக்னிஷனைப் போட்டு, பட்டனை அழுத்திப் பிடித்து, வண்டியைப் பூட்டித் திறந்துகொண்டு கிளம்பினேன்.

கூடு மாற்றுபவர்கள் இழக்கும் சிப்

பட்டன் ரப்பர் கிழிந்தோ கொக்கி முறிந்தோ போனால் வெறும் கூட்டை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உபகரணக் கடைகளில் வண்டி மாடலைச் சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள். பழைய பலகையைப் புதிய கூட்டுக்கு மாற்றும்போது, டிரான்ஸ்பாண்டர் சிப் அந்தப் பலகையிலேயே இருக்கிறதா, தனியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தனியாக இருக்கும் வகைகளில் அது அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ, கறுப்பு நிறச் சிறு கட்டியாகவோ, கூட்டின் ஒரு மூலையில் பசையோடு ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி என்று நினைத்து அதைப் பழைய கூட்டோடு குப்பையில் போட்டுவிட்டு, கதவு திறக்கும் ஆனால் எஞ்சின் கிளம்பாத புதிய சாவியோடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே புதிய கூட்டில் எஞ்சின் கிளம்பும்வரை பழைய கூட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

புதிய சாவியைப் பதிவு செய்வது

சாவி தொலைந்தாலோ, பலகையே எரிந்துபோனாலோதான் இந்த வேலை தேவைப்படும். ஏற்கெனவே பதிவான இரண்டு சாவிகள் கையில் இருந்தால் மூன்றாவதை உரிமையாளரே சேர்த்துக்கொள்ளும் வசதி சில பழைய ஃபோர்டு மாடல்களில் உண்டு. மற்றபடி இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள, வண்டியின் கணினியோடு பேசுவதற்கான ஓ.பி.டி. இணைப்பில் கருவியைச் செருகி, வண்டிக்குரிய ரகசிய எண்ணைக் கொடுத்தே பதிவு செய்ய முடியும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஆர்.சி., அடையாள அட்டை ஆகியவற்றைக் கேட்பார்கள். வண்டி வாங்கியபோது சாவிக்கொத்தோடு தொங்கிய சிறு எண் தகடு இருந்தால் உலோகச் சாவியை வெட்டும் வேலை எளிதாகும். அந்தத் தகட்டைச் சாவியோடே மாட்டிக்கொண்டு திரிபவர்கள் இன்றே கழற்றி வீட்டில் வையுங்கள். கையில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துச்செல்லுங்கள். பல வண்டிகளில் பழைய பதிவுகள் அனைத்தையும் அழித்துவிட்டு, எதிரில் இருக்கும் சாவிகளை மட்டுமே புதிதாக ஏற்றுவார்கள். வீட்டில் விட்டுவந்த நல்ல சாவி அன்றோடு எஞ்சினுக்கு அந்நியமாகிவிடும். வண்டியின் 12 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். பதிவின் நடுவே மின்னழுத்தம் சரிந்தால் வேலை பாதியில் நின்று சிக்கலாகும்.

வெளியில் சாவி போடுபவர்களிடம் செலவு குறையும், திறமையானவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, வண்டியில் பதிவு செய்கிறார்களா, இருக்கும் சிப்பை நகலெடுக்கிறார்களா என்பது. நகலெடுத்த சிப்பை வண்டியால் அசலிலிருந்து பிரித்தறிய முடியாது; நகல் தொலைந்தால் அதை மட்டும் தனியே நீக்கவும் முடியாது. கூடுதல் சாவி ஒன்று போதும் என்பவருக்கு நகல் பரவாயில்லை. சாவியைத் தொலைத்தவர் கட்டாயம் பதிவு முறையையே கேட்டு, தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் பழைய உலோகச் சாவி கதவைத் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம். பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்மார்ட் கீகளைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: அவற்றில் பல, முன்பிருந்த வண்டியோடு பூட்டப்பட்டவை, வேறு வண்டி அவற்றை ஏற்காது. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரவழைக்கும் சாவிகளில் 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை சாதாரணம் என்பதால், தோற்றம் ஒன்றாக இருந்தாலும் இங்குள்ள வண்டிக்கு அவற்றின் பேச்சு கேட்காது.

சாவி தொலைந்ததும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் அசல் சாவிகள் அனைத்தையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று ஏன் குறைகிறது என்பதற்கு அந்த ரசீதே பதில். சாவிக்கான கூடுதல் காப்பீட்டை நீங்கள் எடுத்திருந்தால் செலவைத் திரும்பப் பெறவும் அது உதவும். பழைய கார் வாங்குபவர்கள், விற்பவர் கொடுத்த சாவிகளோடு வண்டியில் பதிவான சாவிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று சர்வீஸ் சென்டரின் கருவியில் பார்க்கச் சொல்வது நல்லது.

வேலை முடிந்தது என்று சொன்னதும் கிளம்பிவிடாமல், ஒவ்வொரு சாவியையும் தனித்தனியாக எடுத்துச் சோதியுங்கள். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றவற்றை வண்டியிலிருந்து பத்தடி தள்ளி ஒருவரிடம் கொடுத்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் புஷ் ஸ்டார்ட் வண்டி பக்கத்தில் இருக்கும் வேறொரு சாவியை அடையாளம் கண்டு கிளம்பி உங்களை ஏமாற்றிவிடும். பூட்டுதல், திறத்தல், டிக்கி, எஞ்சின், பிறகு உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவு ஆகிய ஐந்தையும் எல்லாச் சாவியிலும் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.